மாதுளை அடியில், மாம்பழம் நடுவில்

பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பதில்லை என்று ஜெனிஷா முடிவு செய்திருந்தாள். ஏற்கெனவே அப்படி நின்று பார்த்தாகிவிட்டது. வந்தவர்கள் காப்பியைக் குடித்தார்கள், பஜ்ஜியைத் தின்றார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இந்தத் தடவை நான் ஜூஸ் போடுறேனுங்கம்மா. கலர் கலரா, அடுக்கடுக்கா. என்னைப் பாக்கறவங்க கையில வேலையோட பாக்கட்டும்."

அம்மா கிருபாவதி அடுப்பை விட்டுத் திரும்பினாள். "வீட்டுக்கு ஒரம்பரை வர்ற நேரத்துல பரீட்சை பண்ணிப் பாப்பாங்களா கண்ணு?"

"பரீட்சையெல்லாம் எப்பவோ முடிஞ்சுதுங்க. அப்பாவைக் கேளுங்க."

அவள் அப்பா தேவானந்தம் சிங்காநல்லூரில் லேத்துப் பட்டறை வைத்திருந்தார். கூட வேலை பார்க்கும் பெண்ணின் கல்யாண வரவேற்புக்கு அவிநாசி ரோட்டு ஓட்டலுக்குப் போன ஜெனிஷா, அங்கே மூன்று நிறம் மூன்று அடுக்காக நின்ற கண்ணாடித் தம்ளரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் வீட்டில் அதே வேலைதான். முதலில் எல்லாம் கலங்கிச் சேற்று நிறத்தில் வந்தது. கெட்டுப்போனதை எல்லாம் தேவானந்தம்தான் குடித்தார். "ருசிக்கு ஒண்ணும் குறைச்சலில்ல அம்மணி" என்று மீசையைத் துடைத்துக்கொள்வார்.

ஊற்றி ஊற்றித்தான் சூட்சுமம் பிடிபட்டது. சர்க்கரை கூடின சாறு கனத்து அடியில் உட்காரும். குறைந்தது மேலே நிற்கும். ஆக, மாதுளைச் சாற்றைக் கெட்டிப் பாகில் கலந்து அடியில். சர்க்கரை கொஞ்சமாகப் போட்ட மாம்பழக் கூழ் நடுவில். சர்க்கரையே சேராத எலுமிச்சைத் தண்ணீரில் புதினாச் சாறு கலந்து உச்சியில். ஒவ்வொன்றையும் கரண்டியின் முதுகில் விட்டு, தம்ளர் ஓரமாக வழிய விட வேண்டும். கை நடுங்கக் கூடாது. ஜெனிஷா பம்ப்செட் கம்பெனியில் டிராயிங் செக்‌ஷனில் இருந்தாள். மையில் மயிரிழைக் கோடு இழுத்துப் பழகிய கை அவளுடையது.

அது தொண்ணூற்றாறாம் வருஷம், மே மாதம். மாப்பிள்ளை பிராங்க், சூலூர் விமானப்படையில் எஞ்சின் மெக்கானிக். சனிக்கிழமை சாயங்காலம் பெற்றோருடன் வருவதாகப் பேச்சு. பக்கத்து வீட்டுச் சென்னியம்மாளின் பிரிட்ஜில் ஐஸ் கட்ட வைத்தாகிவிட்டது. மாதுளை பிழிந்தாயிற்று. செந்தூரம் மாம்பழத்தை நறுக்கி மிக்ஸியில் போட்டுச் சுற்ற ஆரம்பித்ததுமே கரண்ட் போனது. வெளியே கேட் திறக்கும் சத்தமும் அப்போதே கேட்டது. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள்.

"பாத்தியா, நாந்தான் சொன்னேனே. காப்பி வெச்சுரலாம்" என்றாள் கிருபாவதி.

"கரண்டு இல்லாத காலத்துல மாம்பழச் சாறே யாரும் குடிக்கலீங்களா? நீங்க போய் அவங்களை உக்கார வைங்க." மாவு சலிக்கிற சல்லடையை எடுத்துக் கழுவி ஒரு பாத்திரத்தின் மேல் வைத்தாள் ஜெனிஷா. முந்தானையைச் செருகிக்கொண்டு பழத்தைக் கையால் பிசைந்து தேய்க்க ஆரம்பித்தாள்.

சென்னியம்மாள் ஐஸ் தட்டோடு ஓடி வந்தாள். "கரண்டு வர்றதாட்ட தெரியல சாமி. உருகறதுக்குள்ள ஆவட்டும்."

பிராங்கின் அப்பாவும் அம்மாவும் பஸ்ஸில் வந்திருந்தார்கள். பிராங்க் மட்டும் பைக்கில். வழியில் செயின் கழன்று, இரண்டு கையிலும் கிரீஸ் மசி. கிருபாவதி அவனைப் பின்பக்கத்துக் குழாய்க்கு அனுப்பினாள். குழாய் சமையற்கட்டு வாசலில்தான் இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவி நிமிர்ந்தவன், முழங்கை வரை மாம்பழம் அப்பிய பெண்ணைப் பார்த்தான். சல்லடை அவள் தேய்க்கத் தேய்க்க நகர்ந்துகொண்டே இருந்தது.

"கை சுத்தமாயிருச்சுங்களா? அப்ப இதைச் சித்தெப் புடிங்க" என்றாள்.

அவன் உள்ளே வந்து சல்லடையைப் பிடித்தான். அழுத்திப் பிடித்தான். கூழ் இறங்கியது. அவள் ஒரு தம்ளரில் மாதுளையை ஊற்றி, அதன் மேல் மாம்பழத்தை வழிய விட்டாள். சிவப்பின் மேல் மஞ்சள் அசையாமல் போய் உட்கார்ந்தது.

"நானும் ஒண்ணு ஊத்திப் பாக்கட்டுங்களா?"

கரண்டியைக் கொடுத்தாள். அவன் அவசரப்பட்டான். மாம்பழம் தொப்பென்று விழுந்து, தம்ளர் முழுக்க ஒரே செங்கல் நிறம்.

"கெடுத்துப்போட்டேனுங்க" என்று சிரித்தான். "இது என்ற தம்ளர், நானே குடிச்சுக்கறேன்."

அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. அடுத்த தம்ளரை எடுத்தபோது அவன் குரல் இறங்கியது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. எனக்கு அஸ்ஸாமுக்கு மாத்தலாயிருச்சு. வர்ற மாசம் கெளம்போணும். பேசி முடியற வரைக்கும் வெளிய சொல்லாதேன்னு அம்மா சொன்னாங்க. மறைச்சு வெச்சுப் பேச எனக்கு மனசு வரலீங்க."

கரண்டி அந்தரத்தில் நின்றது. டிராயிங் செக்‌ஷனுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. இனி படமெல்லாம் அதில்தான். கற்றுக்கொள்ளத் தேர்ந்தெடுத்த சிலரில் இவள் ஒருத்தி. ஒரு வருஷப் பயிற்சி. அதை விட்டுவிட்டு ரயில் ஏறுவதா? மாட்டாள். அதற்காக, கேட்காமலே உண்மையைச் சொன்ன இவனை விட்டுவிடுவதா? அதற்கும் மனசில்லை. இரண்டும் அவளுக்குத் தெளிவாகவே தெரிந்தது. நிதானமாக எலுமிச்சைத் தண்ணீரை உச்சியில் ஊற்றி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"எனக்கு இங்க ஒரு வருஷம் படிப்பிருக்குதுங்க. வேலை சம்பந்தமா. அதை விட முடியாது. ஒரு வருஷம் பொறுப்பீங்களா?"

"பொறுப்பேனுங்க. ஆனா அம்மாகிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்றேன். நீங்க பக்கத்துல இருந்தாப் போதும்."

தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்தபோது, ஒரு தம்ளரிலும் நிறம் கலங்கவில்லை. கூடத்தில் ஆளுக்கொரு தம்ளர் கொடுத்தாள். பிராங்கின் அம்மா தம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "இதென்னங்க, குடிக்கறதா, பாத்துக்கிட்டே இருக்கறதா?" என்றாள். அவள் புருஷனோ கரண்டியை விட்டு கடகடவென்று கலக்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "நல்லாருக்குதுங்க" என்றார். கிருபாவதியின் முகம் போன போக்கைப் பார்த்து தேவானந்தம் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஜெனிஷா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"மாத்தல் சமாச்சாரம் அவங்க சொன்னாங்க. எனக்கு அவங்களைப் பிடிச்சிருக்குது. ஆனா இங்க கம்ப்யூட்டர்ல வரையறதுக்குப் படிச்சுட்டிருக்கறேனுங்க, முடிய ஒரு வருஷமாகும். அதுக்கப்பறம் கல்யாணம் வெச்சா, அஸ்ஸாமா இருந்தாலும் நான் வாரேனுங்க."

"டேய், உள்ள போய் என்னடா சொன்னே?" என்றாள் பிராங்கின் அம்மா.

"உள்ளதைத்தானுங்கம்மா சொன்னேன்." செங்கல் நிறத் தம்ளரோடு அவன் ஜெனிஷாவின் பக்கத்திலேயே நின்றான்.

அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "தப்புத்தானுங்க" என்று தேவானந்தத்தைப் பார்த்துச் சொன்னாள். "அத்தனை தூரம்னு தெரிஞ்சா யாரு பொண்ணு குடுப்பாங்க? பனியிலயும் மழையிலயும் ஒத்தையாக் கெடப்பானேன்னு பயம்."

"பயம் இருக்குமுங்க. எங்களுக்கும் இருக்குது" என்றார் தேவானந்தம். "ஆனா என்ற மக சொன்னதுதான் எங்க பேச்சு."

கிருபாவதி மகளை முறைத்துக்கொண்டே, "ஆமாங்க" என்றாள்.

முடிவு சொல்லாமல்தான் அவர்கள் கிளம்பினார்கள். ராத்திரி முழுக்க கிருபாவதி புலம்பினாள். ஜெனிஷா நன்றாகத் தூங்கினாள்.

வியாழக்கிழமை அவள் கம்பெனியிலிருந்து திரும்பியபோது, பிராங்கின் அம்மா தனியாக வந்து உட்கார்ந்திருந்தாள். கிருபாவதியோடு ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள், இவளைக் கண்டதும் எழுந்தாள்.

"ஒரு வருஷம்னா ஒரு வருஷம். ஆனா அவன் போறதுக்குள்ள மோதிரம் மாத்திக்கோணும். அதுலயும் ஏதாச்சும் திட்டம் வெச்சிருக்கறயா அம்மணி?"

"இல்லீங்க அத்தை, மாத்திக்கலாமுங்க."

அத்தை என்ற சொல் தன் வாயில் அவ்வளவு சுலபமாக வந்ததில் ஜெனிஷாவுக்கே ஆச்சரியம். பொழுது சாயும் நேரத்தில் இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். அஸ்ஸாமில் அரிசி கிடைக்குமா, குளிர் எப்படி, சர்ச்சு இருக்குமா என்று அந்த அம்மா வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"போய்ப் பாத்துச் சொல்றேனுங்க" என்று சொல்லி, சூலூர் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தாள்.