காலண்டரில் ஐந்து வட்டம்

இருசாயிக்குப் பொய் சொல்ல வராது என்று மலைமேல் நாலைந்து ஊர் சேர்ந்த தேவனூர் நாட்டில் யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஐந்து மாதம் ஊர்க் கண்ணிலேயே மண்ணைத் தூவியவள் அவள்.

அவள் மகள் சங்கீதாவுக்கு வைகாசியோடு மாதவிலக்கு நின்றுபோயிருந்தது. அந்த ஊரில் தூரமான பெண் மூன்று நாள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டாயில்தான் படுக்க வேண்டும். அதனால் எந்த வீட்டில் யாருக்கு எப்போது என்பது ஊருக்கே அத்துப்படி. தையில் கல்யாணம் என்று பேசி முடித்த பெண் கொட்டாய்ப் பக்கமே போகாமல் இருந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? எடப்புளி நாட்டு மாப்பிள்ளை வீட்டுக்கு அன்றைக்கே சேதி போய்விடும்.

"மூணே நாளு போய் உக்காந்துட்டு வா சாமி. யாருக்குத் தெரியப்போவுது" என்றாள் இருசாயி.

சங்கீதா பாயையும் போனையும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். மாதா மாதம் நாலாம் நாள் காலையில், வேலிக்கு அந்தப்பக்கம் கேட்கும்படி, "தலைக்கு ஊத்திக்கிட்டியா கண்ணு?" என்று இருசாயி குரல் கொடுப்பாள். பொய்க்குத் தேதி பிசகக் கூடாதே, அதற்காகக் காலண்டரில் ஒரு வட்டமும் போட்டு வைப்பாள். ஆனியில் தொடங்கி ஐப்பசி வரைக்கும் ஐந்து வட்டம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மகள் இரண்டு தரம் கேட்டாள். கல்யாணம் முடியட்டும் என்று இருசாயி இரண்டு தரமும் வாயை அடைத்துவிட்டாள்.

ஐந்தாவது வட்டம் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, நிஜமாகவே வந்துவிட்டது. வந்தது நிற்கவில்லை. இப்போது கொட்டாய்க்கு அனுப்பினால், போன வாரம்தானே போனாள் என்று பக்கத்து வீடு கேட்கும். இருசாயி வீட்டுக்குள்ளேயே மூலையில் பாயைப் போட்டாள். தீட்டு சாமி படத்துக்கு ஆகாது என்று அதற்குத் துணியை மூடினாள். சோற்றுத் தட்டைத் தரையில் வைத்து எட்டி நின்று தள்ளினாள். இன்றைக்கு நிற்கும், நாளைக்கு நிற்கும் என்றே பத்து நாள் ஓடியது.

பதினோராம் நாள் காலையில் சங்கீதா அடுப்படி வாசலில் சரிந்து விழுந்தாள். இருசாயி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ராசப்பன் ஓடிவந்தான். வந்தவன் நல்லது செய்வதாக நினைத்து நேரே மாப்பிள்ளைக்கே போன் போட்டுவிட்டான். அரை மணியில் கவின், பலாவும் மிளகும் ஏற்றும் தன் ஜீப்போடு வந்து நின்றான். கூடவே அவன் அம்மா சுமதியும் இறங்கினாள். கவின்தான் சங்கீதாவைத் தூக்கி வண்டியில் ஏற்றினான். இருசாயி பையைப் பிடித்துக்கொண்டு ஓரடி தள்ளியே நடந்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் மைதிலி இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே வெளுத்துக் கிடந்தது. நர்ஸ் தெரசா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஹீமோகுளோபின் ஆறு கிராம்தான் இருக்கு டாக்டர்" என்றாள்.

"மாசா மாசம் பொண்ணுக்கு ஒழுங்கா வருமாம்மா?"

சுமதி வாசலிலேயே நின்றிருந்தாள். இருசாயி அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"தவறாம வருமுங்க டாக்டர்."

"இதுக்கு முன்னாடி எப்ப வந்துச்சு?"

"பதினாறு நாளு ஆச்சுங்க." காலண்டரில் இருந்தது அப்படியே வாயில் வந்தது.

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "ஒழுங்கா வர்ற பொண்ணுக்குத் திடீர்னு இப்படிக் கொட்டுதுன்னா, கர்ப்பம் ஏதும் கலைஞ்சிருக்கான்னு முதல்ல பாக்கணும். தெரசா, டெஸ்ட் எடுங்க."

எந்தச் சொல்லுக்குப் பயந்து இருசாயி ஐந்து மாதம் நாடகம் ஆடினாளோ, அந்தச் சொல் சம்பந்தி முன்னாலேயே வந்து விழுந்துவிட்டது. சுமதியின் முகம் இறுகிப்போயிருந்தது.

டாக்டர் விடவில்லை. "கழுத்துல கருப்படிச்சிருக்கு, தாடையில முடி வந்திருக்கு. நீங்க சொல்ற தேதியோட இதெல்லாம் ஒத்து வரலையே. தேதி சரிதானா? அதை வெச்சுத்தாம்மா நான் மருந்து குடுக்கணும்."

சொன்னால் கல்யாணம் போச்சு. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே அவளுக்குத் தைரியம் இல்லை. சங்கீதா கண்ணைத் திறக்காமலே, "சொல்லீரும்மா" என்றாள்.

"பொய்யிங்க" என்றாள் இருசாயி. "அஞ்சு மாசமும் பொய்யிங்க. வைகாசிக்கு அப்பறம் வரவே இல்லீங்க. நாந்தானுங்க கொட்டாயில உக்கார வெச்சேன்."

சுமதி திரும்பி வெளியே போய்விட்டாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நீர்க்கட்டின்னு சொல்லுவாங்களே, அதாத்தான் இருக்கும். ஸ்கேன்ல உறுதி பண்ணிக்கலாம். பயப்படற கட்டி இல்ல. கருமுட்டை மாசா மாசம் முதிர்ந்து வெளிய வராமத் தங்கிடுது. ரத்தப்போக்கு இல்லாம கர்ப்பப்பை உள்சவ்வு தடிச்சுக்கிட்டே போய், ஒருநாள் மொத்தமா இறங்குது. மாத்திரை இருக்கு. தினம் நடக்கணும், சாப்பாட்டுல கட்டுப்பாடு வேணும். பின்னாடி குழந்தை பெத்துக்கவும் வழியிருக்கு. ஆனா மூணு மாசம் வரலைன்னா இங்க வரணும்மா, கொட்டாய்க்கு இல்ல."

கர்ப்பம் இல்லை என்று தெரசா வந்து சொன்னாள். சந்தோஷப்படக்கூட இருசாயிக்குத் தெம்பில்லை. ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, உடனே நாமக்கல் கொண்டுபோய் ரத்தம் ஏற்றச் சொல்லிவிட்டார் டாக்டர். ஆம்புலன்ஸ் மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்கியிருந்தது. திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம்.

வெளியே ஜீப் நின்றது. சுமதி மகனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய்க் கேட்பது? இருசாயி ஜீப் பக்கத்தில் போய் நின்றாள்.

சுமதிதான் பேசினாள். "வரலைன்னு சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்? வந்துச்சுன்னு சொன்னீங்க பாருங்க, அதுதானுங்க எனக்கு ஆறல. கல்யாணப் பேச்ச அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல புள்ள பொழைக்கட்டும்."

சொல்லிவிட்டு அவளே உள்ளே போனாள். தெரசாவும் அவளுமாகச் சங்கீதாவைத் தாங்கி வந்தார்கள். சுமதி முதலில் பின்சீட்டில் ஏறி, பெண்ணின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தூக்கும்போதே அவள் சேலையில் ரத்தம் பட்டிருந்தது. அதைப் பார்த்தாள். முந்தானையைக்கூட ஒதுக்கவில்லை. குளுக்கோஸ் பாட்டிலை ஒரு கையால் தூக்கிப் பிடித்தாள்.

"ஏனுங்க, பாத்துக்கிட்டு நிக்கறீங்க? ஏறிக் காலப் புடிச்சுக்கங்க. சில்லுன்னு கெடக்குது."

இருசாயிக்கு அப்போதுதான் உறைத்தது. பதினொரு நாளாய் அவள் மகளைத் தொடவே இல்லை. விழுந்து கிடந்தபோதுகூட எட்ட நின்றுதான் கத்தினாள்.

ஏறி உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சுமதி சொன்னது சரிதான், ஐஸாய்க் கிடந்தன. அழுதுகொண்டே தேய்த்தாள். ஜீப் மலைப்பாதையின் அத்தனை வளைவும் இறங்கி முடிக்கும் வரை அவள் கையை எடுக்கவில்லை.