கிடாத் தாடியில் ஒட்டிய பிசின்

ஜூலை மாதத்து உச்சிவெயிலில் கிரீட் தீவின் அந்த மலைச்சரிவில் ஏறுவது இரண்டே பேர்: கரிஃபலியாவும் பக்கத்து வீட்டு மனூசோஸின் கிடாவும்.

வெயில் ஏற ஏறத்தான் லதானியாப் புதரின் இலைகளில் பிசின் கசியும். தோல்வார்கள் தொங்கும் கழியைப் புதர்மேல் வீசி வீசி இழுப்பாள் கரிஃபலியா. வாரில் ஒட்டியதைக் கத்தியால் வழித்தெடுப்பாள். கோயில் தூபத்துக்கும் வயிற்றுவலிக்கும் முடிகொட்டுவதற்கும் ஊரே அவளைத்தான் தேடி வரும்.

அன்று நல்ல புதர்களிலெல்லாம் கிடா முந்திக்கொண்டு மேய்ந்திருந்தது. தார் பூசியதுபோல் தாடி கறுத்துத் தொங்கியது. அத்தனையும் அவளுக்கு வரவேண்டிய பிசின். வீட்டுக்குப் போய் ரோமக் கத்திரியோடு திரும்பினாள். ஒரே வெட்டு.

சாயங்காலம் மனூசோஸ் வாசலில் வந்து நின்றான். அவள் மகளுக்கு ஞானத்தந்தை அவன். அந்த உறவில் அவளுக்கு அவன் கும்பாரே, அவனுக்கு அவள் கும்பாரா.

"கும்பாரா, என் கிடாவ மொட்டையடிச்சது நீதானே?"

"மொட்டையில்ல கும்பாரே, சவரம். இப்பத்தான் மாப்பிள்ள மாதிரி இருக்கான்."

"காபிக்கடையில சிரிக்கிறாங்க. தாடி என்னோடது, குடுத்துடு."

"தாடி உன்னோடது. பிசின் என் சரிவோடது. நாளைக்கு வா."

மறுநாள் வந்தவனிடம், வெந்நீரில் பிசினை இளக்கி எடுத்துவிட்டு அலசிய ரோமத்தைத் துணியில் முடிந்து கொடுத்தாள். அவிழ்த்துப் பார்த்தவனுக்குக் கோபத்தை முகத்தில் நிறுத்தி வைக்க முடியவில்லை. ஆனாலும் விடவில்லை.

"சும்மா மேய்ஞ்சே அவன் இவ்வளவு சேத்துட்டான். நீ என்னமோ மலையப் புரட்டுற மாதிரி அலட்டிக்கிற."

"நாளைக்கு மத்தியானம் நீயும் வந்து புரட்டு."

வந்தான். அரைமணியில் சட்டை தொப்பலாக நனைந்தது. ஒரு மணிக்குள் தெரிந்த வசவெல்லாம் தீர்ந்துபோயின. பிறகு ஒரு பாறை நிழலில் சரிந்து, "தண்ணி குடு, வேற ஒண்ணும் வேணாம்" என்றான். அவன் வழித்திருந்தது நெல்லிக்காய் அளவு. பார்க்கப் பாவமாக இருந்தது. தன் உருண்டையிலிருந்து ஒரு பங்கு கிள்ளி அதோடு சேர்த்துக் கொடுத்தாள்.

பொழுது சாய்ந்ததும் மனூசோஸ் அத்தனையையும் அப்படியே தன் வீட்டு அடுப்புக் கரியில் போட்டுவிட்டான். தெரு முழுக்கக் கோயில் மணம். சாவுத் தூபமோ, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று அக்கம்பக்கத்தார் ஓடிவந்தார்கள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. நானே ஏறி எடுத்தது, முழுக்க என் கையால" என்று அவன் வந்தவர்களிடமெல்லாம் சொல்வது கரிஃபலியாவுக்கும் கேட்டது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று ஜன்னலை இன்னும் அகலத் திறந்துவைத்தாள்.