இடது காது

சவப்பெட்டிக்கு ஆணி அடிக்கப் போன நேரம் பார்த்து ஆட்டுப் பட்டியின் படல் சாய்ந்தது. நாற்பது செம்மறிகளும் உப்பளத்துப் பக்கம் ஓடின. துக்கத்துக்கு வந்த கூட்டம், பேதியில் செத்த ஜேசுபாதத்தை விட்டுவிட்டு ஆடுகளைப் பார்த்தது.

காவல் நாய் சடையன் பெட்டிக்கு அடியில் படுத்திருந்தது.

"ஏலே சடையா, ஓடி மறிலே!" என்று கத்தினான் ஜேசுபாதத்தின் தம்பி ஜெபசிங். நாய் பல்லைக் காட்டியது.

"பாத்தியளா மதினி? எனக்கே இப்படின்னா, உங்க பேச்சக் கேக்கவா போவுது? நாளைக்கே ஆட்ட நான் பத்திட்டுப் போயிருதேன். நீங்க நாசரேத்துல உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருங்க."

அண்ணன் வீட்டில் என்ன கிடைக்குமென்று ஜேசுபாதத்தின் மனைவி கிருபாபாய்க்குத் தெரியும். போன தடவை போனபோது, கஞ்சி ஊற்றுமுன் எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டாள் அண்ணன் மனைவி. ஆடு போனால் அதுதான் கதி.

முன்பு குட்டிகளின் காதைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்த நாய் சடையன். ஜேசுபாதம் அதை ஒரு நாளும் அடித்ததில்லை. பதினோரு மாதம் பழக்கினான்; விடிந்தால் அதே சீழ்க்கைதான்: குட்டையாய் இரண்டு, நீளமாய் ஒன்று. நாய் தப்பினால் சிரிப்பான். மறுபடி முதலிலிருந்து தொடங்குவான். சரியாகச் செய்தால் உள்ளங்கையில் ஆட்டு ஈரல். யுத்தத்தில் அரிசி கிடைக்காத நாளில் வீட்டில் மரச்சீனிக் கிழங்குதான். கிழங்கு குழைந்துவிட்டால் மட்டும் அவனுக்குப் பொறுமை இருக்காது. அப்படிக் குழைந்த ஒரு நாளிலிருந்து கிருபாபாய்க்கு இடது காது கேட்பதில்லை. சீழ்க்கையை அவள் வலது காதால்தான் படித்திருந்தாள்.

சேலைத் தலைப்பை விலக்கி உதட்டைக் குவித்தாள். குட்டையாய் இரண்டு. நீளமாய் ஒன்று.

உபதேசியாரின் ஜெபம் பாதியில் நின்றது.

"ஏ யாத்தே! புருசன் பொட்டியில கெடக்க விசிலடிக்காளே!" என்ற இசக்கித்தாய், மேற்கொண்டு பார்க்க வசதியாக முன்வரிசைக்கு வந்தாள்.

சடையன் பாய்ந்தது. வெள்ளை உப்புக் குவியல்களைச் சுற்றி வளைத்து, கடைசிக் குட்டி வரை பட்டிக்குள் கொண்டுவந்து விட்டது. ஜெபசிங் குனிந்து வேட்டியில் இல்லாத தூசியைத் தட்டினான்.

நாய் நேராகக் கிருபாபாயிடம் வந்து உட்கார்ந்து, அவள் கையைப் பார்த்தது. அவள் சுவரோரம் கிடந்த ஜேசுபாதத்தின் கம்பை எடுத்து, அதன் தலைக்கு மேல் ஓங்கினாள்.

சடையன் ஒதுங்கவில்லை. கம்பு எதற்கென்று அதற்குத் தெரியாது. எச்சில் ஒழுக, வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது.