உப்பளக் கதையின் கடைசி அத்தியாயம்

படிக்காத பக்கங்களை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டித்தான் மரியம் அக்கா புத்தகத்தை என்னிடம் தருவார். அந்த வாரத்து அத்தியாயம் மட்டும் வெளியே இருக்கும். நானும் முன்னால் போய்ப் படித்துவிடக் கூடாது. அதுதான் எங்கள் குழுவின் சட்டம்.

மரியம் அக்காவின் கணவர் ரஹீம் முதலாளிக்குப் பெம்பானில் மளிகைக் கடை. அறந்தாங்கியிலிருந்து கடல் தாண்டி வந்து அங்கே வேலைக்குச் சேர்ந்து எனக்கு இது இரண்டாவது வருடம். வெள்ளிக்கிழமை மதியம் முதலாளி தொழுகைக்குப் போகும்போது கடையைச் சாத்திவிடுவார். அந்த நேரத்தில் நான் பின்கட்டில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஓர் அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்து, வாட்ஸாப் குழுவுக்குக் குரல் பதிவாக அனுப்புவேன். மூட்டைகள் சத்தத்தை வாங்கிக்கொள்ளும். குரல் சுத்தமாகப் பதிவாகும்.

குழுவில் இருப்பவர்கள் எல்லாம் பெண்கள். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர்கள். அதற்குப் பிறகு மலாய்தான். எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஆனால் ஒரு பக்கம் முடிவதற்குள் கோப்பி ஆறிவிடும். அதனால் கேட்பார்கள். துணி மடிக்கும்போது, கறி வெட்டும்போது, காடி ஓட்டும்போது. காரை இங்கே காடி என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடி, கேட்டதைப் பற்றிச் சண்டை போடுவார்கள்.

முதலில் படித்த நாவலுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பின்வாசல் கதை’. புத்தகத்தின் பெயர் யாருக்கும் நினைவில் நிற்காது. ரப்பர் பால் வெட்டும் கித்தாத் தோட்டத்தில் வளர்ந்த பெண் வீட்டை விட்டுப் போகிறாள். கடைசியில் ஒரு மழைநாளில் வந்து பின்வாசல் கதவைத் தட்டுகிறாள். அந்த முடிவை நான் முன்னாலேயே படித்துவைத்திருந்தேன். அதனால் மூன்று வாரத்துக்கு முன்பே என் குரல் இளகிவிட்டது. பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்தும் சாந்தி அக்கா பிடித்துவிட்டார்.

“தம்பி குரலு தழுதழுக்குதுலா. அந்தப் பொண்ணு வரப் போறா, பாத்துக்குங்க.”

அவர் சொன்னபடியே அவள் வந்தாள். அழ வேண்டிய இடத்தில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ரப்பர் பேண்ட் வந்தது அதற்குப் பிறகுதான்.

பின்வாசல் கதை முடிந்ததும் எல்லாருக்கும் அதே மாதிரி இன்னொன்று வேண்டும். அதே மாதிரி என்றால் எது மாதிரி? மரியம் அக்காவுக்கு அதில் வந்த சமையல். சாந்தி அக்காவுக்கு மாமியாரைக் கேள்வி கேட்ட இடம். திலகவதி அக்காதான் தயங்காமல் சொன்னார்.

“போன புள்ள திரும்பி வருதுல்ல, அந்த மாதிரி. மத்ததெல்லாம் எப்படி இருந்தாலும் சரி.”

திலகவதி அக்கா ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தினமும் பெம்பானிலிருந்து காடியில் போய்வருகிறார். அவருடைய மகள் தாரணி, அம்மாவுக்குச் சொல்லாமல் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஜொகூருக்குப் போய்விட்டாள். “இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே” என்று இவர் சொன்னாராம். அவள் மிதிக்கவில்லை. அவள் அறையில் இப்போது தையல் மெஷின் நிற்கிறது. இதெல்லாம் குழுவில் எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசமாட்டார்கள்.

புத்தகம் தேடுகிற வேலை என் அக்கா அனுசியாவிடம் போனது. அவள் ஊரில் இருக்கிறாள். புதுக்கோட்டைக்குப் போனால் புத்தகக் கடைக்குப் போவாள். எனக்கு டைப் அடிக்க நேரம் கிடையாது. கருவாடு எடுத்த கையோடு, போனில் மைக்கை அழுத்திப் பேசுவேன், அது எழுதிக்கொள்ளும். அவள் முதலில் அனுப்பியது ஒரு துப்பறியும் கதை. இரண்டாவது ராஜா ராணிக் கதை.

“அலாமா, ஒரு தூண வர்ணிக்கிறான், வர்ணிக்கிறான், நான் கேண்டீன்ல நூறு ரொட்டி போட்டு முடிச்சிட்டேன், இன்னும் தூணு முடியல” என்றார் சாந்தி அக்கா. இரண்டையும் பாதியில் விட்டோம்.

குழு கலைந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் நான் மூட்டை இறக்குகிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் எனக்கு ஒரு நாற்காலி போடுவார்கள். அக்காவுக்கு மறுபடியும் பேசி அனுப்பினேன். ஒரு அம்மா இருக்கணும், மகள் போயிருக்கணும், அம்மா காத்திருக்கணும், எப்படியாவது பார்.

மூன்றாவது புத்தகம், ஊருக்குப் போய்த் திரும்பிய ஒருவர் பெட்டியில் வந்தது. தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் அம்மா. சொல்லாமல் போன மகள். “பின்வாசல் கதை புடிச்சவங்களுக்கெல்லாம் கடைக்காரரு இதத்தான் எடுத்துக் குடுக்குறாராம். நான் படிக்கலடா, அவசரத்துல அனுப்பிட்டேன்” என்றாள் அக்கா. நானும் படிக்கவில்லை. மரியம் அக்கா உடனே ரப்பர் பேண்ட் போட்டுவிட்டார்.

உப்பளக் கதை எல்லாருக்கும் பிடித்துப்போனது. கால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறுகிற இடத்தைத் திலகவதி அக்கா இரண்டு முறை கேட்டாராம். “காடிய ஓரங்கட்டிட்டுக் கேட்டேன் தம்பி. பின்னாடி லோரிக்காரன் ஆர்ன் அடிக்கிறான்.” அந்த அம்மா, பேருந்து நிற்கும் இடம் வரை தினமும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவாள். ஆனால் மகள் இருக்கும் ஊருக்கு ஒரு கடுதாசி போட மாட்டாள். வரட்டும், அவளே வரட்டும் என்பாள். வாரா வாரம் திலகவதி அக்காவின் பேச்சிலும் அந்த ‘வரட்டும்’ ஏறிக்கொண்டே போனது.

கடைசி அத்தியாயத்துக்கு முந்தினதைப் படித்தேன். அம்மா இருமுகிறாள். பாத்தியில் உட்கார்ந்துவிடுகிறாள். அதோடு அத்தியாயம் முடிகிறது. அனுப்பிவிட்டு ரப்பர் பேண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு மீதியைப் படித்தேன்.

மகள் வருகிறாள். வீடு பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி சாவியைக் கொடுத்து, காரியம் முடிந்து மாதமாயிற்று என்கிறாள். ஒரு வார்த்தை எழுதிப் போட்டிருக்கக் கூடாதா என்று திட்டுகிறாள். “அவளும் போடலையே” என்கிறாள் மகள். கொடியில் அம்மாவின் சேலை உப்பேறி விறைத்துத் தொங்குகிறது. அவ்வளவுதான் கதை.

மூட்டை மேலேயே உட்கார்ந்திருந்தேன். இதை நான் திலகவதி அக்காவின் காதுக்குள் படிக்க வேண்டும். அதுவும் அவர் காடி ஓட்டிக்கொண்டிருக்கும்போது. எந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்திருக்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? மரியம் அக்கா கோபித்துக்கொண்டால் முதலாளிக்குப் போகும். முதலாளி என் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கும் மாதம் வேறு.

அப்புறம் ஒன்று தோன்றியது. யார் புத்தகத்தைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்? அவர்களுக்குக் கதை என்றால் என் குரல்தான். அம்மா எழுந்து உட்காரட்டும். மகள் வரட்டும். உப்புக் குவியலுக்குப் பின்னால் அவள் தலை தெரியட்டும். அந்த எழுத்தாளர் எழுதுகிற மாதிரியே சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லிப் பதிவு செய்தேன். கேட்டுப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. எனக்கே கண் கலங்கியது. ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்து, அடுத்த வெள்ளிக்கிழமை இதை அனுப்பிவிடலாம் என்று வைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு சாந்தி அக்கா வீட்டில் கூடினோம். மீ கோரேங் நூடுல்ஸ் தட்டு கைமாறிக்கொண்டிருந்தது.

“அந்தம்மா செத்துருவா” என்றார் சாந்தி அக்கா. “இருமுனா முடிஞ்சது. கதைல சும்மா யாரும் இருமமாட்டாங்க.”

“வாயக் கழுவுங்க. தம்பி, நீ சொல்லு” என்றார் மரியம் அக்கா. உடனே கையை ஆட்டினார். “இல்ல இல்ல, ஒனக்கும் தெரியாதுல்ல.”

நான் தட்டைப் பார்த்தேன். ரப்பர் பேண்ட் இன்னும் மணிக்கட்டில் இருந்தது. சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“சாக மாட்டா. மக வருவா” என்றார் திலகவதி அக்கா. “நான் பந்தயமே கட்டுறேன்.” தட்டைக் கீழே வைத்தார். “தாரணி மெசேஜ் போட்டிருந்தா. அம்மா, நல்லாருக்கீங்களான்னு.”

யாரும் மெல்லவில்லை.

“எப்போ?” என்றார் மரியம் அக்கா.

“உப்பளக் கத ஆரம்பிச்ச புதுசுல.”

“என்ன பதில் போட்டீங்க?”

“போடல. பாத்தேன்னு ரெண்டு நீலக் கோடு விழுந்திருச்சு. போதும்லா, தெரிஞ்சுக்கட்டும்.”

“என்னா பொம்பள நீங்க” என்றார் சாந்தி அக்கா. “நல்லாருக்கேன்னு ஒரு வார்த்த போட்டா கை தேஞ்சா போயிரும்?”

“அவ கேட்டுட்டா போனா? உப்பளத்து அம்மா போய்க் கூப்டுதா? இல்லல்ல. அப்படியே நின்னுச்சு. இப்ப மக வரப் போறா. வர்ற வாரம் கேப்பீங்க. இவளும் வருவா. ஒன்னும் போடாம இருந்தாத்தான் வருவா.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் விரல் தட்டின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. என் போன் சட்டைப் பையில் இருந்தது. அதற்குள் நான் மாற்றிப் பதிந்த கதை முடிவு. அதை அனுப்பினால் இவர் பதில் போடவே மாட்டார். இவரைக் காப்பாற்றுவதாக நினைத்து அந்தக் கதவை நானே சாத்தப் போகிறேன்.

வெள்ளிக்கிழமை கடை சாத்தியதும் முதல் வேலையாக அதை அழித்தேன். பிறகு புத்தகத்தில் இருந்ததை இருந்தபடியே படித்தேன். குரல் நடுங்கிய இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தேன். விறைத்த சேலை வரைக்கும். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். நிமிர்த்திப் பார்த்தேன். மறுபடி கவிழ்த்தேன்.

முதலில் சாந்தி அக்கா. “நான் சொன்னேன்ல” என்று ஒரு வரி. கொஞ்சம் பொறுத்து, “ஏன்தான் சொன்னேனோ.” மரியம் அக்கா குழுவில் ஒன்றும் போடவில்லை. சாயங்காலம் கடைக்கு வந்து, கல்லாப் பக்கம் நின்றபடி, “இந்த மாதிரி வேணும்னா திலகா கேட்டுச்சு? போயும் போயும் இதக் கொண்டாந்திருக்கியே” என்றார். நான் குனிந்து வெங்காயம் பொறுக்கினேன். திலகவதி அக்காவிடமிருந்து எதுவும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வரவும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் கடைக்கு எதிரே அவருடைய காடி நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி ஏற்றியிருந்தும் உள்ளே என் குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி சாவி கொடுக்கும் இடம். நான் போய் நின்றதும் கண்ணாடியை இறக்கினார். தொழிற்சாலைச் சீருடை. கண் வீங்கியிருந்தது.

“பசியாறிட்டீங்களாக்கா?”

“ஏறு உள்ள.”

ஏறினேன். என் குரலை நிறுத்தினார்.

“மாத்திப் படிக்க முடியாதா ஒன்னால? நாங்க என்ன புக்க விரிச்சா பாக்கப் போறோம்? நல்ல மனசு இருந்தா மாத்தியிருப்ப.”

“மாத்தினேன்க்கா. மக வர்ற மாதிரி. அழிச்சிட்டேன்.”

திரும்பி என்னைப் பார்த்தார். “ரப்பர் பேண்டக் கழட்டிட்டியா?”

“ம்.”

“எப்ப?”

“நீங்க பந்தயம் கட்டுறதுக்கு முன்னாடி.”

ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார். இறங்கச் சொல்வார் என்று நினைத்தேன். போனை எடுத்து என் மடியில் போட்டார்.

“ஒங்க அக்காவுக்குப் பேசிப் பேசியே எழுதுவியாமே. மரியம் சொல்லும். எனக்குத் தமிழ்ல அடிக்க வராது. மலாய்ல போட்டா ஆபீஸ் மெசேஜ் மாதிரி இருக்கும். எங்க அமுக்கணும், காட்டு.”

தாரணியின் பெயரைத் திறந்தேன். ‘அம்மா நல்லாருக்கீங்களா’ தனியாக நின்றது. கீழே வெறுமை. மைக் இருக்கும் இடத்தைக் காட்டினேன். அமுக்கினார். பேசவில்லை. அது அணைந்துபோனது. மறுபடி அமுக்கினார்.

“தாரணி. அம்மா பேசுறேன். ஒன் ரூம்ல தையல் மெஷின் போட்டு வச்சிருக்கேன். நீ வர்றதுனா சொல்லு, எடுத்துர்றேன்.” மூச்சு வாங்கினார். “வரலைன்னாலும் எடுத்துர்றேன்.”

எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார். “சரியா இருக்கா?” என்று கேட்டார். சரியாக இருந்தது. அவரே அனுப்பினார்.

ஒரு கோடு விழுந்தது. ஒன்றே ஒன்று. இரண்டாவதுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“போன்ல சார்ஜ் இல்லாம இருக்கும்க்கா” என்றேன்.

“வேலைக்குப் போற நேரம். ரோட்டுல இருப்பா.” பிறகு, “நம்பர மாத்திட்டாளோ?”

கடைக்குள்ளிருந்து முதலாளி சத்தம் போட்டார். “டேய் ஹரிதாஸ், லோரி வந்து நிக்குது, அங்க என்னடா கத?”

“போ, போ. ஏசப் போறாரு” என்றார் திலகவதி அக்கா. நான் இறங்கியதும் கண்ணாடி வழியாகக் கூப்பிட்டார். “அடுத்த கத தேடி வையி. ஆனா முழுசாப் படிச்சிட்டுக் குடு. அந்த ரப்பர் பேண்டெல்லாம் வேணாம்னு நான் சொன்னேன்னு மரியத்துக்கிட்ட சொல்லு.”

“எந்த மாதிரிக்கா?”

அவர் யோசித்தார். போனை ஸ்டியரிங்குக்கு முன்னால் நிமிர்த்தி வைத்துவிட்டுக் காடியை நகர்த்தினார்.

முதல் மூட்டையைத் தோளில் வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். ஆயர் குரோ பக்கம் திரும்பும் இடத்தில் இண்டிகேட்டர் விளக்கு மின்ன மின்ன நின்றுகொண்டிருந்தது அவருடைய காடி. இரண்டு பக்கமும் வண்டி எதுவும் இல்லை. சாலை காலியாகத்தான் இருந்தது. அவர் தலை போன் பக்கம் குனிந்திருந்தது. காடி திரும்பவில்லை.