ஒன்றாம் நம்பர் சவரம்

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் பவித்ரா மூன்றாம் முறையாக உண்டாகியிருந்தாள். வீட்டில் இன்னும் குழந்தை இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவன் வாயை மூடிக்கொள்வான். ஊர் எங்கே அப்படிப் பார்க்கிறது? அது தாடியைத்தான் பார்க்கும்.

மனைவி மாசமாக இருந்தால் புருஷன் முகத்தில் கத்தி வைக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். முதல் தடவை கொளஞ்சிநாதன் ஆசை ஆசையாகத் தாடி வளர்த்தான். வாயைத் திறக்காமலே குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்க விஷயம் தெரிந்துபோனது. நாலாம் மாசம் கரு தங்கவில்லை. தாடியை எடுத்துவிட்டு அவன் நிலக்கரி மைன்ஸுக்குப் போகிற ஷிப்ட் பஸ்ஸில் ஏறினான். அவனோடு கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்க்கிற கண்ணையன், வயதில் பெரியவர், சீட்டிலிருந்து எழுந்து நின்றே கத்தினார்.

“என்னா கொளஞ்சி, தாடியக் காணும்! பையனா, பொண்ணா? ஸ்வீட்டு எங்கய்யா?”

பஸ்ஸே கை தட்டியது. மாசக் கணக்கெல்லாம் யார் வைத்திருக்கிறார்கள்? “இல்லண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தான். சாயங்காலத்துக்குள் கண்ணையனுக்கு உண்மை தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து மனுஷர் கொளஞ்சியின் முகத்தைப் பார்ப்பதில்லை. டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டுதான் அவருக்கு. பவித்ராவிடம் பால் பூத்தில் இரண்டு பெண்கள் இதையே கேட்டார்கள். அவள் பாலை வாங்காமலே திரும்பி வந்தாள்.

இரண்டாம் தடவை மூன்றாம் மாசத்தில் கேட் பாஸுக்குப் புது போட்டோ கேட்டார்கள். ஒரே ஒரு நாள் சவரம் செய்தான். பத்தாம் நாள் அந்தக் கருவும் போயிற்று. கிராமத்திலிருந்து அவன் அம்மா ராஜாம்பாள் வந்தாள், மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாள், போகும்போது மகனிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். “கத்தி வெக்காதன்னு சொன்னனே, தம்பி.” அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். அவன் மூளைக்குப் புரிந்தது. கைக்குப் புரியவில்லை.

இப்போது மூன்றாவது. பவித்ரா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

“இந்த வாட்டி தாடி வேணாம் மாமா. ஒருத்தருக்கும் தெரிய வேணாம். இன்னொரு வாட்டி பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல.”

அவனுக்குத் தர்மசங்கடம். எடுத்தால் பயம், எடுக்காவிட்டால் அவள் கண்ணில் தண்ணீர். நாலு நாள் முள்ளு முள்ளாகத் திரிந்தான். பிறகு போனைத் தடவித் தடவி ஒரு ஷேவிங் செட்டைக் கண்டுபிடித்து வரவழைத்தான்.

பழைய காலத்து இரும்பு செட் போல நல்ல கனம். அடியைத் திருகினால் தலையில் இரண்டு கதவு திறக்கும், நடுவில் பிளேடை வைத்து மூட வேண்டும். விசேஷம் அதன் கழுத்தில் இருந்தது. ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் போட்ட ஒரு வளையம். எண் ஏற ஏற பிளேடு ஆழமாகப் போகும், ஒன்றில் வைத்தால் மேலாக மட்டும் வழிக்கும் என்று எழுதியிருந்தது. சும்மா நம்புவானா? லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் காலில் போட்டுப் பார்த்தான். ஒன்பதில் வைத்தபோது கணுக்காலுக்கு மேலே ஒரு பட்டை மொழுமொழுவென்று ஆகிவிட்டது. ஒன்றில் வைத்தபோது முடியின் அடிக்கட்டை நின்றது.

அதன் பிறகுதான் பிரஷ்ஷைக் குழைத்து முகத்தில் நுரை பூசினான். ஒன்றில் வைத்து, அழுத்தாமல், செட்டின் கனத்துக்கே விட்டு இழுத்தான். கழுவிப் பார்த்தால் தாடியும் இல்லை, சவரமும் இல்லை. கன்னத்தில் ஒரு கருப்பு நிழல் மட்டும் இருந்தது.

“இது ஷேவே இல்ல பவி. மேலாப்ல தட்டி வுட்டிருக்கேன், அவ்ளோதான்.”

“இத உங்க அம்மாகிட்ட சொல்லுங்க” என்றாள் பவித்ரா. ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தாள்.

ஒன்றாம் நம்பரிலேயே வண்டி மூன்று மாசம் ஓடியது. யாரும் எதுவும் கேட்கவில்லை. தொளதொளத்த சுடிதாருக்குள் பவித்ராவின் வயிறும் ரகசியமாக இருந்தது. விஷயம் தெரிந்த ஒரே ஆளான ராஜாம்பாள் ஐந்தாம் மாசம் பார்க்க வந்தாள். வந்ததும் மகனின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்து மேல்நோக்கித் தேய்த்தாள். “சொரசொரன்னுதான் இருக்குது” என்று அரை மனசாக ஒப்புக்கொண்டாள். ஆனால் பத்து நாள் தங்கிவிட்டாள். அவள் எதிரில் செட்டைத் தொட யாருக்குத் தைரியம்? தாடி நன்றாகவே வந்துவிட்டது. பஸ்ஸில் இரண்டு பேர் உற்று உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அம்மா ஊருக்குப் போன மறுநாள் விடியற்காலை, பஸ்ஸுக்கு அரை மணி இருக்கும்போது அவன் கண்ணாடி முன் நின்றான். பத்து நாள் முடி ஒன்றாம் நம்பருக்கு மசியவில்லை. பிளேடு சிக்கிச் சிக்கி நின்றது. இரண்டுக்குத் திருப்பினான். அப்போதும் சரிவரவில்லை. பஸ்ஸை நினைத்துக்கொண்டு நான்குக்குத் திருப்பினான். இடது கன்னம் இரண்டே இழுப்பில் வெளுத்துப்போனது.

அடுப்படியில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது.

“மாமா!”

செட்டைப் போட்டுவிட்டு ஓடினான். நுரை வழிந்து பனியனில் சொட்டியது. பவித்ரா அடுப்பு மேடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை வயிற்றில் வைத்துக் குனிந்து நின்றாள். தரையில் பால் ஓடிக்கொண்டிருந்தது. நான்குக்குத் திருப்பினேனே, நான்குக்குத் திருப்பினேனே என்று அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது.

“பவி... வலிக்குதா? ஆட்டோ கூப்புடட்டா?”

அவள் நிமிர்ந்தாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

“ஒதைக்குது மாமா.”

முந்திய இரண்டும் இவ்வளவு தூரம் வந்ததில்லை. அவள் அவன் கையை இழுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். ஒன்றும் தெரியவில்லை. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு உள்ளங்கைக்கு நடுவில் மெதுவாக ஒரு தட்டு, இன்னொரு தட்டு. பெல்ட் உருளைக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிற அந்த ஆள் குழந்தை போலத் தேம்பினான்.

அழுது முடித்ததும் மணியைப் பார்த்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு மீதியை முடிக்கத் திரும்பினான். அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“போதும் மாமா. அந்தப் பக்கத்த வுடுங்க.”

“பாதி மூஞ்சியோட எப்பிடிப் போறது? எல்லாரும் கேப்பாங்க பவி.”

“கேக்கட்டும். இருக்குதுன்னு சொல்லுங்க. நாளைக்கி என்னா ஆவுமோ எனக்குத் தெரியாது. இன்னிக்கி இருக்குதில்ல? இருக்கும்போது ஒளிச்சி வெச்சிக்கினு, இல்லாதப்ப மட்டும் பதில் சொல்லிக்கினு இருக்கணுமா நாம?”

நுரையைக் கழுவிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான்.

பஸ்ஸில் கால் வைத்ததுமே ஆரம்பித்துவிட்டார்கள். “கரண்ட்டு எடுக்குற ஊர்லயே கரண்ட்டு கட்டா கொளஞ்சி? பாதியிலயே வந்துட்ட?” எல்லோரும் சிரித்தார்கள். முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அங்கிருந்தே சொன்னான்.

“வூட்ல மாசமா இருக்கா. அஞ்சாவது மாசம். இன்னிக்கிதான் ஒதைச்சிது.”

சிரிப்பு நின்றுவிட்டது. முந்திய கதை தெரியாதவர்கள் யாரும் அந்த பஸ்ஸில் இல்லை. அவன் நடந்து போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்தான்.

கண்ணையன் எழுந்தார். ஓடுகிற பஸ்ஸில் கம்பி கம்பியாகப் பிடித்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தார். ஸ்வீட்டு கேட்கவில்லை. தாடி இருந்த கன்னத்தைக் கண்ணால் காட்டினார்.

“அதுல கைய வெச்சிடாத, கொளஞ்சி” என்றார்.