பேராச்சி பீடத்துக் கல்லின் வயது

பம்பாய் தாராவிப் பேராச்சியம்மன் கோயிலின் பீடக்கல், வானமாமலையின் தாத்தா திருநெல்வேலித் தாய்க்கோயிலிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது என்பார்கள். அதனால்தான் ஆண்டுதோறும் நடக்கும் கொடைத் திருவிழாவில் முதல் மாலை அந்தக் குடும்பத்துக்கு.

இந்த ஆண்டு கமிட்டிக் கூட்டத்தில் கணேசபாண்டியன் வாயைத் திறந்தார். "அண்ணாச்சி, உங்க தாத்தா வெறுங்கையோட வந்து எறங்குனதா எங்க பெரியவுக சொல்லுவாக. கல்லு இங்கன பக்கத்துல செம்பூர் குவாரியில எடுத்ததாம்லா?"

வானமாமலை துண்டை உதறி எழுந்தார். "எம் மக கல்லைப் பத்திதான் படிச்சிருக்கா. அவ சொல்லட்டும். செம்பூர்க் கல்லுன்னா மாலைய நீரே போட்டுக்கிடும்."

பூசாரி இல்லாத நேரம் பார்த்து, பீடத்தின் பின்புறம் அவரே உளி வைத்தார். தெறித்த சில்லைத் துண்டில் முடிந்துகொண்டார்.

மகள் முத்துமாரி அதை லென்ஸ் வைத்துப் பார்த்தாள். முகம் மாறியது. "வேண்டாம்ப்பா."

"ஏன்?"

"கல்லுக்குள்ள ஆர்கான்னு ஒரு வாயு இருக்கும். எவனோடயும் ஒட்டாது, ஒறவாடாது. உங்கள மாதிரி."

அவர் சிரிக்கவில்லை.

"பூமிக்கடியில பாறை உருகிக் கெடக்கையில அது வெளியேறிரும். குழம்பு இறுகின பெறவு, கல்லுல உள்ள பொட்டாசியத்துல இருந்து புதுசா ஊறி உள்ளயே மாட்டிக்கிடும். எவ்வளவு சேந்திருக்குன்னு பார்த்தா கல்லோட வயசு தெரியும். ஆனா சில்லை உருக்கணும். வெளிய வந்ததைத் திரும்ப அடைக்க முடியாது."

"உருக்கு."

சோதனை முடிவை வீட்டில் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அப்பாவை மாதுங்கா ஸ்டேஷன் பாலத்தில் நிறுத்திச் சொன்னாள். "நம்ம ஊர்ப் பாறைன்னா அம்பது கோடி வருஷத்துக்குக் கொறையாது. இது ஆறரைக் கோடிதான். பக்கா பம்பாய்க் கல்லு."

கீழே ஃபாஸ்ட் லோக்கல் ரயில் கடந்தது. பாலம் அதிர்ந்தது.

"யாருகிட்டயும் சொன்னியா?"

"இல்லப்பா. கேட்டா பொய் சொல்லமாட்டேன்."

மதியக் கொடையில் மேளம் நின்றது. மாலைத் தட்டு வானமாமலையின் முன்னால் வந்தது.

"என்ன அண்ணாச்சி, மக என்ன சொல்லுதா?" என்றார் கணேசபாண்டியன்.

"நம்ம ஊர்க் கல்லுதான்." குரல் கணீரென்று இருந்தது. பெண்களோடு முத்துமாரி நின்ற பக்கம் அவர் திரும்பவில்லை.

மாலை கழுத்தில் விழுந்தது. ஈரமாக, கனமாக இருந்தது. கணேசபாண்டியன் மெல்ல நடந்து பெண்கள் வரிசைக்குப் போனார்.

"நீயே ஒரு வார்த்தை சொல்லிரு தாயி."

மேளக்காரர்கள் கம்பை எடுக்கவில்லை. பீடத்தின் பின்னால், உளி பட்ட இடத்தில் மட்டும் எண்ணெய் ஏறாமல் சாம்பல் நிறம் தெரிந்தது. அப்பாவைப் போலவே முதுகை நிமிர்த்திக்கொண்டு, முத்துமாரி வாயைத் திறந்தாள்.