தள்ளிவைக்கும் காசு

ஜோகன்னஸ்பர்க்கில், ஒரே அறையைத் திரைச்சீலை கட்டி இரண்டு குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்ட வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் முனாஷே தன் மனைவி சேகாயின் அத்தைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரைத் திறந்துவிட்டுக் கட்டில்மேல் வைத்தான். அவர்களுடைய ஷோனா இனத்தில் படுக்கை வழக்கைத் தீர்ப்பவள் பெண்ணின் அப்பாவோடு பிறந்த அத்தைதான். ஊரில் இருந்திருந்தால் சேகாய் அவள் வீட்டுக்கே ஓடியிருப்பாள். இங்கே நடுவில் ஒரு நாட்டின் எல்லை.

"அத்தை, உங்க மருமக என்னைத் தொடவிட மாட்டேங்கிறா. உறை போடணுமாம். மாடு பரிசம் குடுத்துக் கட்டினவன் நான்!"

"ஏண்டி சேகாய், கட்டினவன்கிட்ட என்னடி உறை?"

"இவர் ஒட்டவச்ச நோய்க்கு நான் ஊசி போட்டுக்கிட்டேன் அத்தை. 'எல்லை தாண்டி வியாதியைத் தூக்கிட்டு வர்றீங்க'ன்னு வரிசை முழுக்கக் கேட்க ஆஸ்பத்திரி நர்ஸ் கத்தினா. புருஷனும் போட்டுக்கலேன்னா திரும்ப ஒட்டுமாம். இவர் போக மாட்டேங்கிறார்."

"எனக்கு ஒண்ணுமில்ல!"

"அப்புறம் எனக்கு யாரு குடுத்தா? நான் துணி தேய்க்கிற வீட்டு இஸ்திரிப் பெட்டியா?"

திரைக்கு அப்பால் இருந்த குடும்பத்தின் தினோவின் அம்மா சிரிப்பை இருமலாக மாற்றினாள்.

"பொறுத்துப் போம்மா. அந்த ஊர்ல உனக்கு வேற யாரு இருக்கா?" என்றாள் அத்தை.

"யாருமில்லேன்னுதான் இவருக்கு இவ்வளவு திமிரு!"

"வாயை மூடு. காசை வச்சு அனுப்பிடுவேன்!"

அவர்கள் ஊரில் மனைவியைத் தள்ளிவைப்பவன் அவள் கையில் ஒரு காசு வைப்பான். அத்தோடு கல்யாணம் முறிந்தது. அதைச் சொல்லியே அவளை அடக்கிவந்தான். அறை அவன் பேரில். அவளிடம் இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதிகூட இல்லை.

இன்று சேகாய் கையை நீட்டினாள். "வை. இல்லே, எழுந்து ஊசிக்கு வா."

அவன் பையைத் துழாவி ஒரு காசைத் தரையில் வீசினான். "இந்தா, தொலை!"

"என்னடி சத்தம்?"

"காசு அத்தை. குடுத்துட்டார்."

முனாஷே போன் பக்கம் குனிந்தான். "கோவத்துல போட்டேன் அத்தை. அது இந்த ஊர் ராண்டு, நம்ம ஊர்க் காசில்ல. செல்லாது."

"நோயும் இந்த ஊர்லதான் குடுத்தே. அது மட்டும் என் உடம்புல நல்லாச் செல்லுதே!"

"எந்த ஊர்க் காசானாலும் குடுத்தது குடுத்ததுதான். எடுத்துக்கடி. நான் சாட்சி," என்றாள் அத்தை.

சேகாய் குனிந்து எடுத்தாள். தினோவின் அம்மா திரையை ஒதுக்கி, "பாய் விரிச்சிட்டேன், வாடி," என்றாள்.

"இன்னிக்கு யாரு களி கிண்டுவா?" முனாஷே கத்தினான்.

சேகாய் தான் உழைத்து வாங்கிய அடுப்பையும் பானையையும் தூக்கிக்கொண்டு திரையைத் தாண்டினாள்.